முப்பது சதவீதச் செண்பகவல்லி

ஜூன் 17, செவ்வாய்

சான்றிதழ் வந்துவிட்டது. எனக்கு முப்பது சதவீதம் மனநோயாம்.

அம்மா தபால்காரரை வாசலிலேயே நிறுத்தி, உறையைப் பிரித்துப் படிக்கச் சொன்னாள். "முப்பது" என்று அவர் படித்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "நூத்துக்கு வெறும் முப்பதுதானா? எம்பிள்ளைக்குப் பெருசா ஒண்ணுங் கெடயாதுன்னு நான் அன்னைக்கே சொல்லல?" என்று உள்ளே ஓடிப்போய்ப் பாசிப்பருப்பை வறுக்கப் போட்டாள். தெருவில் தபால் கொடுத்துவிட்டுத் திரும்பிய தபால்காரருக்கு ஒரு டம்ளர் பாயசம். எதிர்வீட்டுக் கஸ்தூரி மைனிக்கு ஒரு தூக்குவாளி. என்ன விசேஷம் என்று மைனி கேட்டதற்கு, "நல்ல சேதிதான்" என்றாள் அம்மா. மைனி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?" என்றாள்.

நாற்பது சதவீதம் இருந்தால்தான் மாதாமாதம் உதவித்தொகை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பாயசம் பிரமாதமாக வந்திருந்தது. அதை ஆறவிட்டு விளக்கம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு டம்ளர் குடித்தேன்.

அண்ணன் சொரிமுத்து ஓசூரில் இருக்கிறான். நல்லவன். எங்கள் வீட்டு வாடகை, என் மருந்து எல்லாம் இதுவரை அவன்தான். அவனுக்கும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். உதவித்தொகை கிடைத்தால் அதையும் அம்மாவின் இட்லி மாவு வியாபாரத்தையும் வைத்து நாங்கள் இங்கேயே இருந்துகொள்வோம். கிடைக்காவிட்டால் ஆவணி பிறந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டு அவன் வீட்டு மாடி அறைக்குப் போக வேண்டும். அந்த அறையில் ஒரு வருஷம் இருந்திருக்கிறேன். காற்றோட்டமான அறைதான். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது.

ஜூன் 18, புதன்

மாவு அரைத்து முடித்ததும் அம்மாவிடம் சொன்னேன். "நோய் கூட இருந்தாத்தான் பணம் தருவாவளா? இது என்ன ட்டி கூத்து!" என்று கிரைண்டரைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த முப்பது எப்படி வந்தது என்று நான் சொல்கிறேன். மெடிக்கல் போர்டுக்குப் போன அன்று அம்மா எனக்கு அரக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டாள். தலை நிறையப் பிச்சிப்பூ. நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து தன் பெண்ணைப் பற்றி விசாரிக்கப் போகிறார்கள் என்றால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அம்மாவுக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். பெண் பார்க்க வருகிறவர்களிடம் நடந்துகொள்கிற முறை. என்னை வாய் திறக்கவே விடவில்லை.

"வீட்டு வேலையெல்லாம் செய்வாங்களா?" என்று கேட்டார் மீசை வைத்த டாக்டர்.

"கெட்டிக்காரி சார். இவ வைக்கிற ரசத்துக்கு எங்க தெருவுல தனிப் பேரு."

"மத்தவங்களோட எப்படிப் பழகுவாங்க?"

"தங்கமான கொணம். தெருவே இவ சொன்னாக் கேக்கும்."

"தூக்கம்?"

"படுத்தா விடிஞ்சுதான் கண்ணு முழிப்பா."

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது, "சாருக்குச் சொந்த ஊரு எது? தம்பிமாரு யாரும் இருக்காவளா?" என்று ஆரம்பித்தாள். நான் அவள் காலை மிதித்தேன். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் பூஜ்யம் போட்டுவிட்டு முகூர்த்தத்துக்கு நாள் பார்த்திருப்பேன். முப்பது போட்டாரே, பெரிய மனசு.

ஜூன் 20, வெள்ளி

மாத்திரை வாங்கும் நாள். ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராக இருக்கும் மெர்லின் அக்காவிடம் சான்றிதழைக் காட்டினோம். அவளுக்கு என்னை ஒன்பது வருஷமாகத் தெரியும். அம்மா போர்டில் பேசியதை நான் நடித்துக் காட்டினேன். அக்கா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை.

"அம்மா, அவங்க நோயப் பாக்கவே இல்ல. நீங்க எவ்வளவு நல்லா மறைக்கீங்கன்னு பாத்து மார்க் போட்டுட்டாங்க. மேல்முறையீடு பண்ணலாம். ஆனா இந்தத் தடவ நெசத்தச் சொல்லணும்."

"நாலு பேர் முன்னால எம்பிள்ளைய நானே கொற சொல்லணுமாக்கும்? எந்தப் பெத்தவ செய்வா?"

"கொற இல்லம்மா. பைபோலார். சர்க்கரை, பிரஷர் மாதிரி இது ஒரு நோய்."

அம்மா இந்த வார்த்தையை இதுவரை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. "அது" என்பாள். "அது வந்திருந்தப்போ", "அது கொறஞ்சதும்". ஏதோ விருந்தாளியைச் சொல்வதைப்போல இருக்கும்.  பஸ்ஸை விட்டு இறங்கியதும் எனக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள்.

தினமும் தூக்கம், மனநிலை இரண்டையும் எழுதச் சொல்லியிருக்கிறாள் அக்கா. எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். அவளிடம் காட்டுவதாக இல்லை.

ஜூன் 23, திங்கள்

கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள். மேல்முறையீட்டு மனுவைக் கொடுத்தாயிற்று. நானே எழுதிய மனு. "உரிய கருணையுடன் பரிசீலிக்குமாறு" என்று முடிக்கச் சொன்னாள் அம்மா. கருணை எதற்கு, கண்ணைத் திறந்து பரிசீலித்தால் போதும் என்று எழுதிவிட்டேன்.

என்ன கூட்டம்! வரிசையில் ஒழுங்கே இல்லை. நான் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று பட்டா மனுவெல்லாம் இடது பக்கம், பென்ஷன் மனுவெல்லாம் வலது பக்கம் என்று பிரித்துவிட்டேன். போலீஸ்காரரே வலது பக்கம் போய் நின்றார். எழுதத் தெரியாத பத்துப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். அம்மா தூணுக்குப் பக்கத்தில் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு கெட்டிக்கார மகள் என்று நினைத்திருப்பாள்.

ஜூன் 27, வெள்ளி

ஒத்திகை பார்த்தோம். நான்தான் டாக்டர். துண்டைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சட்னி அரைத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கேட்டேன்.

"உங்க மகளுக்குக் கோபம் வருமாம்மா?"

"கொஞ்சம் வரும் சார்."

"கொஞ்சம்னா?"

"எல்லாருக்கும் வாரதுதானே சார்."

"டிவிய வாசல்ல தூக்கிப் போட்டாங்களாமே?"

"அது பழைய டிவி சார். நாங்களே போடணும்னுதான் இருந்தோம்."

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "மாத்திர போட்டியா ட்டி?" என்றாள். போட்டேன் என்றேன். அது பொய் இல்லை. காலை மாத்திரை போட்டேன். இரவு மாத்திரைதான் என்னை மந்தமாக்குகிறது. வழக்கு நடத்துகிறவளுக்கு மூளை தெளிவாக இருக்க வேண்டாமா?

ஜூலை 1, செவ்வாய்

சாரல். மாவு புளிக்கவில்லை. அம்மா வானத்தைத் திட்டினாள், நான் வானத்துக்காக வாதாடினேன், வானம் ஜெயித்தது.

ஜூலை 7, திங்கள்

இன்று நான் செய்ததை இந்தத் தெரு மறக்காது!

வாசலில் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். கை நிற்கவில்லை. எங்கள் வாசல், அடுத்த வாசல், அதற்கடுத்த வாசல் என்று பிள்ளையார் கோயில் வரைக்கும் ஒரே கோலம், எங்கேயும் அறுபடாத ஒரே இழை. கோலப்பொடி தீர்ந்ததும் மாவுக்கு வைத்திருந்த அரிசியை மிக்ஸியில் போட்டு அரைத்துக்கொண்டேன். விடியும்போது தெருவே வெள்ளை வெளேரென்று இருந்தது. பால்காரர் மிதிக்க மனமில்லாமல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனார். கஸ்தூரி மைனி கதவைத் திறந்தாள், கோலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டக்கென்று சாத்திக்கொண்டாள். பொறாமை.

இன்றைக்கு விற்க மாவு இல்லை என்று வாடிக்கைக்காரர்களிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். சிறிய விஷயத்தையே பார்க்கிறாள்.

ஜூலை 10, வியாழன்

கடிதம் வந்துவிட்டது. பதினேழாம் தேதி மேல்முறையீட்டு போர்டு. இவ்வளவு சீக்கிரம் கூப்பிட்டது அதிசயம் என்கிறாள் மெர்லின் அக்கா. என்ன அதிசயம்? என் மனுவைப் படித்திருப்பார்கள், இப்படி ஒரு தமிழா என்று அசந்துபோயிருப்பார்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். மாவு வியாபாரத்தை மாற்றி அமைக்கிறேன். வெள்ளை மாவை யார் வேண்டுமானாலும் அரைப்பார்கள். நான் பீட்ரூட் மாவு, கேரட் மாவு, முருங்கைக்கீரை மாவு என்று கலர் கலராக இறக்கப் போகிறேன். ஊரில் உள்ள எல்லா ஹாஸ்டலுக்கும் போய்ப் பேசிவிட்டேன். கிரைண்டர் கடையில் பெரிய கிரைண்டர்களாக வரிசையாகச் சொல்லிவைத்துவிட்டேன், முன்பணத்துக்குப் பதில் என் கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு. காது லேசாக இருக்கிறது. எல்லாமே லேசாக இருக்கிறது. கால் படாமல் நடப்பதால் தரை மிச்சம்.

அம்மா என் வெறும் காதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தொழில் ஆரம்பிக்கும்போது வீட்டில் இப்படித்தான் பயப்படுவார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். போர்டில் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். மெர்லின் அக்காவே நிஜத்தைச் சொல்லச் சொன்னாளே! நிஜம் என்னவென்றால் எனக்கு ஒன்றுமே இல்லை. முப்பதே அநியாயம். பூஜ்யம் போடச் சொல்லப் போகிறேன். இப்படி ஒரு மேல்முறையீட்டை அவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள்! உதவித்தொகையை வேறு ஏழைகளுக்குக் கொடுக்கட்டும். நான் கிரைண்டர் வந்ததும் நூறு பேருக்கு வேலை கொடுப்பேன், அண்ணனையும் மேனேஜராகப் போடுவேன், மாடி அறையை அவனே வைத்துக்கொள்ளட்டும்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். இன்றைய சமையலில் வெங்காயமே கிடையாது.

ஜூலை 16, புதன்

நாளை! நாளை! நாளை!

ஜூலை 17, வியாழன்

இதைப் பெண்கள் வார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு நாள் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஜன்னல் பெரிது. எனக்கு ஒன்றும் இல்லை, அம்மா செய்த வேலை இது.

பட்டுச்சேலையை இந்தத் தடவை நானே எடுத்துக் கட்டினேன். உள்ளே போனதும் உட்காரவில்லை. நின்றபடியே பேசினேன். எவ்வளவு அழகாகப் பேசினேன்! டோக்கன் கொடுக்கிற முறையில் உள்ள ஏழு தப்புகளைச் சொன்னேன். இந்தத் தடவை நடுவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். அவருக்குப் பீட்ரூட் இட்லியின் செய்முறையைச் சொன்னேன், ஒரு பாட்டும் பாடினேன். அவர் சிரித்தார். மற்ற டாக்டர்களும் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள்.

"எனக்கு மேல்முறையீடு ஒண்ணே ஒண்ணுதான் டாக்டர். முப்பத எடுத்துட்டுப் பூஜ்யம் போடுங்க. நான் பரிபூரணமா இருக்கேன்."

அப்போதுதான் அம்மா எழுந்தாள். அவள் கட்டியிருந்தது மாவு அரைக்கும்போது கட்டுகிற சேலை. அதை நான் வழியில் கவனிக்கவே இல்லை.

"டாக்டரம்மா, போன தடவ நான் சொன்னது பொய் இல்ல. பாதியச் சொல்லிட்டு மீதிய முழுங்கிட்டேன். ரசம் நல்லா வைப்பான்னேன். வச்சா அண்டா நெறைய வைப்பா, தெருவுக்கே கூப்பிட்டு ஊத்துவா. அடுத்த ரெண்டு மாசத்துல ஒரு பருக்கைய நான் வாயில வச்சாலும் முழுங்க மாட்டா. தெருவே இவ சொன்னாக் கேக்கும்னேன். இப்பம் இவளக் கண்டாக் கதவ அடைக்காவ. படுத்தா விடிஞ்சுதான் முழிப்பான்னேன். போன கார்த்திகை மாசம் பூரா விடியவே இல்ல டாக்டரம்மா, படுத்த பாயிலயே கெடந்தா. நாந்தான் குளிப்பாட்டுனேன். முப்பத்தி மூணு வயசுப் பிள்ளைய உக்கார வச்சுக் குளிப்பாட்டுனேன். இப்பம் பத்து நாளா பொட்டுத் தூக்கம் இல்ல. வாசக்கதவுக்குக் குறுக்கப் பாயப் போட்டு நான் படுக்கேன். என்னத் தாண்டித்தான் போணும். தாண்டிப் போயிருதா இவ."

"அம்மா, போதும்" என்று கத்தினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எம்பிள்ளைக்கு பைபோலார் டாக்டரம்மா. எத்தன சதவீதம்னு நீங்கதான் சொல்லணும். எனக்குப் பெறவு இவள யாரு குளிப்பாட்டுவா? அத மட்டும் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. பெண் டாக்டர் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு என்னிடம் ரொம்ப மெதுவாக, "கடைசியா நல்லாத் தூங்கினது எப்போ செண்பகவல்லி?" என்று கேட்டார். தூக்கம் சோம்பேறிகளுக்கு என்றேன். அதற்குத்தான் இந்த வார்டு. சான்றிதழ் அப்புறம் வருமாம், முதலில் மருந்தாம்.

நாலு பேர் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாள். இனி அவளிடம் பேச மாட்டேன். இந்த வார்டில் கட்டில் போட்டிருக்கிற விதமே சரியில்லை, நாளைக்கு மாற்ற வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

தூங்கினேன்.

ஜூலை 23, புதன்

தூங்கினேன். வார்டு இட்லி கல் மாதிரி.

ஜூலை 29, செவ்வாய்

அம்மா தினமும் டிபன் கேரியரோடு வருகிறாள். நான் பேசுவதில்லை. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் எங்கள் தெருக் கதை முழுவதையும் சொல்லிவிட்டுப் போகிறாள். இன்றைக்குக் கிரைண்டர் கடையில் கெஞ்சி என் கம்மலைத் திருப்பி வாங்கி வந்திருந்தாள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவளே மாட்டிவிட்டாள். விரலில் வெந்தய வாசனை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டேன். முன் பக்கங்களைப் படித்துப் பார்த்தேன். கோலத்துக்கு மேல் படிக்க முடியவில்லை.

அம்மா மேல் கோபம் இருக்கிறது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தையாவது பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். அந்த வசதியும் இல்லை.

அண்ணன் போன் செய்தான். ஆவணி ஒன்றாம் தேதிக்கு வண்டி பேசட்டுமா என்று கேட்டான். பொறு என்றாள் அம்மா.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பாதி நாள் தூக்கம். மீதி நாள் உளுந்து களைந்தேன். கை கொஞ்சம் நடுங்குகிறது, மருந்தால் என்றாள் மெர்லின் அக்கா.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வந்துவிட்டது. அறுபத்தைந்து.

தபால்காரர் படித்துச் சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"அறுபத்தஞ்சா? இதுக்குச் சந்தோசப்படணுமா ட்டி, வருத்தப்படணுமா?"

"உதவித்தொகை உண்டும்மா. வீட்டைக் காலி பண்ண வேண்டாம்."

"அது தெரியும். நான் உன்னக் கேட்டேன்."

ஒரு மாதம் கழித்து நான் அவளிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அப்போதுதான் உறைத்தது. அம்மா சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு, அடுத்த தெரு ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பினாள். நானும் பின்னால் போனேன். கடைக்காரர் எதற்கென்று கேட்கவில்லை. கேட்காதவரிடம் இவளே சொல்கிறாள்: "எம்பொண்ணுக்கு பைபோலார். அறுபத்தஞ்சு சதவீதம். நல்லாத் தெளிவா விழணும்." வரிசையில் நின்ற கஸ்தூரி மைனி ரேஷன் கார்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கடையை விட்டு ஓடிவிடலாம் போல் இருந்தது. பத்து காப்பி எடுத்தாள். எதற்கு இத்தனை என்றால், அண்ணனுக்கு ஒன்று, சித்தப்பா வீட்டுக்கு ஒன்று, அத்தை வீட்டுக்கு ஒன்று, எல்லாருக்கும் அனுப்ப வேண்டுமாம். இத்தனை வருஷமாக ஆளாளுக்கு முதுகுக்குப் பின்னால் என்னென்னவோ பேசினார்கள், இனி நேராகவே தெரிந்துகொள்ளட்டுமாம்.

வீட்டுக்கு வந்ததும் காப்பிகளைப் பாயில் பரப்பினாள். மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு சான்றிதழின் நான்கு மூலையிலும் கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுகிற மாதிரி பொறுமையாக மஞ்சள் தடவ ஆரம்பித்தாள்.

"அம்மா, என்ன செய்யுத?"

"நல்ல காயிதந்தானே ட்டி? மஞ்ச தடவாம எப்படிக் குடுக்க?"

பைபோலார், அறுபத்தைந்து சதவீதம், அரசு முத்திரை, நான்கு மூலையிலும் மஞ்சள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மாவின் மஞ்சள் விரல் அப்படியே நின்றுவிட்டது. என் கண்ணைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறுபடி கண்ணைப் பார்த்தாள். என் சிரிப்பை அவள் இப்படித்தான் பார்ப்பாள், எத்தனையோ வருஷமாக. 

"ராத்திரி மாத்திர போட்டேல்லா?"

"போட்டேன்மா."

"நெசமா?"

"நெசமா."

"அப்பம் சிரி" என்றாள். அவளும் சிரிக்க ஆரம்பித்தாள்.